கிரோன் நோய்: இரண்டு ஊசிகளும் கைவிட்ட பிறகு எந்த வழி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 31 வயது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 9 வருடமாகக் கிரோன் நோய், அதாவது குடலில் நீண்டகாலமாக வீக்கமும் புண்ணும் உண்டாக்கும் நோய். முதலில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோப்ரின் கொடுத்தார்கள், அது தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்து இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டதில் இரண்டு வருடம் நன்றாக இருந்தார், அப்புறம் அதன் வேலை குறைந்துபோனது. அதன்பின் அடலிமுமாப் 8 மாதம் போட்டும் பலன் தெரியவில்லை. இந்த வருடம் மட்டும் இரண்டு முறை ஸ்டீராய்டு எடுத்தாயிற்று. இப்போது மருத்துவர் வெடோலிஸுமாப், உஸ்டெகினுமாப், ரிசாங்கிஸுமாப், உபடாசிட்டினிப் என்று நான்கு பெயர்களைச் சொல்லி, கூடவே ஓர் அறுவை சிகிச்சை நிபுணரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இதில் எது நல்லது, ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று அண்ணன் கேட்கிறார்.

குடல் நோயாளிகளைப் பல வருடமாகப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டுகளை நான் பார்க்கவில்லை. அதனால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்த முறை மருத்துவரிடம் என்னென்ன கேட்கலாம் என்பதற்குப் பயன்படுத்துங்கள்.

நான்கு பெயர்களையும் வரிசையாக வைத்து எது பெரிது என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பழைய மருந்து எப்படித் தோற்றது? அடுத்து எந்த மருந்து என்பதில் பாதி முடிவு இந்தப் பதிலில் இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். பல வருடம் முன்பு சிறுகுடலின் நுனியை வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தண்ணீராகப் போகிறது, மூன்றாவது ஊசியும் தோற்றுவிட்டது, நான்காவதற்கு எழுதிக் கொடுங்கள் என்றார். மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்த்தோம். குடலில் வீக்கம் இருந்தால் ஏறுகிற அளவு அது. அவருக்கு 60க்குப் பக்கத்தில்தான் இருந்தது. கொலோனோஸ்கோபியில் புண்ணே இல்லை. சிறுகுடலின் நுனி இல்லாததால் பித்த உப்புகள் திரும்ப உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் இறங்கி, அதை எரிச்சலூட்டிக்கொண்டிருந்தன. கொலெஸ்டிரமின் என்ற பழைய தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னேன். பத்து நாளில் இரண்டு முறையாகக் குறைந்தது. மருந்து தோற்கவே இல்லை. அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, தொந்தரவு வேறு இடத்திலிருந்து வந்தது.

ஆகவே தம்பிக்கு இப்போது இருப்பது உண்மையிலேயே வீக்கம்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். கால்ப்ரொடெக்டின், ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் சிஆர்பி, கொலோனோஸ்கோபி, சிறுகுடலுக்கான எம்ஆர்ஐ ஆகியவை சமீபத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி இருக்கிறதா என்று மலத்தைச் சோதிக்க வேண்டும், அது கிரோன் கிளம்பியது போலவே வேடம் போடும். எந்த மருந்துக்கும் மசியாத நோய் என்றால், ஆரம்பத்தில் செய்த நோயறிதலையே ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும் தப்பில்லை. குடல் காசநோய் கிரோனைப் போலவே தோற்றம் தரும். அதற்குப் போய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் விபரீதமாகிவிடும்.

வீக்கம்தான் என்று உறுதியானால் அடுத்தது ரத்தத்தில் மருந்தின் அளவு. இதைச் செய்யாமலே மருந்து மாற்றுவது இன்னும் நிறைய நடக்கிறது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாபும் அடலிமுமாபும் டிஎன்எஃப் என்ற வீக்கப் புரதத்தைப் பிடித்து முடக்குபவை. அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு ரத்தம் எடுத்து அளந்தால், இன்ஃப்ளிக்ஸிமாப் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 5 மைக்ரோகிராம், அடலிமுமாப் 7.5 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பயன்படுத்தும் எல்லை. ஆசனவாய்ப் பக்கம் பவுத்திரம் இருந்தால் இன்னும் அதிகம் தேவைப்படும்.

இதில் மூன்று விதமாகப் பதில் வரலாம். மருந்து குறைவு, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் இல்லை என்று வந்தால், மருந்து போதவில்லை என்று அர்த்தம். டோஸைக் கூட்டலாம், இடைவெளியைக் குறைக்கலாம். மருந்து குறைவு, ஆன்டிபாடி எக்கச்சக்கம் என்று வந்தால், உடம்பு அந்த மருந்தை அந்நியன் என்று அடையாளம் கண்டு அழித்துக்கொண்டிருக்கிறது. அப்போது டிஎன்எஃப் வகையிலேயே இன்னொன்று வேலை செய்ய வாய்ப்பு உண்டு, ஆனால் கூடவே அசதயோப்ரின் மாதிரி ஒரு துணை இருந்தால்தான் இரண்டாவது மருந்துக்கும் அதே கதி வராமல் இருக்கும். மூன்றாவது, மருந்து தாராளமாக இருக்கிறது, குடல் மட்டும் இன்னும் சிவந்து புண்ணாகவே இருக்கிறது. அப்படியென்றால் இந்த நோயை ஓட்டிக்கொண்டிருப்பது டிஎன்எஃப் இல்லை. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வேறு வழியில் போக வேண்டியதுதான்.

உங்கள் தம்பியின் கதையைப் பார்த்தால், இன்ஃப்ளிக்ஸிமாப் இரண்டு வருடம் கேட்டுவிட்டு நின்றது ஆன்டிபாடியால் இருக்கலாம். அடலிமுமாப் தனியாகப் போடப்பட்டதா, துணை மருந்தோடா என்று நீங்கள் எழுதவில்லை. தனியாக என்றால் அங்கேயும் அதே விபத்து நடந்திருக்கலாம். ஏற்கெனவே இன்ஃப்ளிக்ஸிமாப் கைவிட்டவர்களுக்கு அடலிமுமாப் கொடுத்துப் பார்த்த 2007ஆம் வருடத்து ஆய்வில், நான்கு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் 21 சதவீதம், வெறும் போலி ஊசி போட்டவர்களில் 7 சதவீதம். பலன் உண்டு, ஆனால் ஐந்தில் ஒருவருக்குத்தான். எட்டு மாதம் போட்டுப் பார்த்தாயிற்று, ரத்தத்தில் மருந்தும் போதுமான அளவு இருந்தது என்றால், மூன்றாவதாக ஒரு டிஎன்எஃப் மருந்துக்குப் போக நான் சொல்ல மாட்டேன். இதற்கு ஒரே விதிவிலக்கு பவுத்திரம். ஆசனவாய்ப் பவுத்திரத்துக்கு இன்றைக்கும் மிக வலுவான ஆதாரம் இன்ஃப்ளிக்ஸிமாபுக்குத்தான் இருக்கிறது.

சரி, இப்போது அந்த நான்கு பெயர்கள்.

வெடோலிஸுமாப் குடலுக்கு மட்டுமே வேலை செய்யும்படி வடிவமைத்த மருந்து. வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து குடல் சுவருக்குள் நுழையும் வாசலை மட்டும் அடைக்கும், மற்ற உறுப்புகளின் காவலைப் பெரிதாகத் தொடாது. பாதுகாப்பு என்று பார்த்தால் என் பட்டியலில் மேலே இருப்பது இதுதான். வயதானவர், புற்றுநோய் வந்து தேறியவர், அடிக்கடி நிமோனியா வருகிறவர் என்றால் தயங்காமல் இதை எடுப்பேன். ஆனால் மெதுவான மருந்து. டிஎன்எஃப் மருந்து தோற்றவர்களிடம் நடத்திய ஆய்வில் 6வது வாரத்தில் போலி மருந்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை, 10வது வாரத்தில்தான் 26.6க்கு 12.1 சதவீதம் என்று பிரிந்தது. இந்த வருடமே இரண்டு முறை ஸ்டீராய்டுக்குப் போன 31 வயதுக்காரருக்கு, அதுவும் நோய் சிறுகுடலில் இருக்கும்போது, இதை முதலாக வைக்க எனக்கு மனம் வராது.

உஸ்டெகினுமாபும் ரிசாங்கிஸுமாபும் உறவுக்காரர்கள். முதலாவது இன்டர்லூக்கின் 12, 23 என்ற இரண்டு தூதுப் புரதங்களையும் தடுக்கும். இரண்டாவது 23ஐ மட்டும் குறிவைக்கும். உஸ்டெகினுமாப் 2016இலும் ரிசாங்கிஸுமாப் 2022இலும் அமெரிக்காவில் கிரோனுக்கு அனுமதி பெற்றன. இரண்டும் முதலில் ரத்த நாளம் வழியாக ஏற்றப்பட்டு, பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசியாக மாறும். இரண்டுக்கும் தொற்று அபாயம் டிஎன்எஃப் மருந்துகளைவிடக் குறைவாகவே தெரிகிறது, ஆன்டிபாடி தொல்லையும் குறைவு.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த ஆய்வில் சேர்ந்த 500க்கும் மேற்பட்டவர்களும் உங்கள் தம்பியைப் போல டிஎன்எஃப் மருந்து பயன்படாமல் போனவர்கள். முடிவு 2024இல் வெளியானது. 24வது வாரத்தில் அறிகுறிகள் அடங்கியவர்கள் ரிசாங்கிஸுமாபில் 58.6 சதவீதம், உஸ்டெகினுமாபில் 39.5. ஒரு வருடத்தை நெருங்கும்போது எண்டோஸ்கோபியில் குடல் கிட்டத்தட்டச் சுத்தமாகத் தெரிந்தவர்கள் 31.8க்கு 16.2. யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிகளுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதால் அறிகுறிக் கணக்கில் கொஞ்சம் சந்தேகம் வைக்கலாம். ஆனால் எண்டோஸ்கோபியை மதிப்பிட்டவர்களுக்கு அது மறைக்கப்பட்டிருந்தது, அங்கேயும் இரண்டு மடங்கு. ஆகவே இந்த இரண்டில் ஒன்று என்றால், டிஎன்எஃப் தோற்ற ஒருவருக்கு ரிசாங்கிஸுமாப்தான் என் தேர்வு. அது கிடைக்காத நிலையில் உஸ்டெகினுமாப் கௌரவமான மாற்று. இந்த ஊசிகளைப் போன்ற எந்த உயிரி மருந்தும் போடாதவர்களிடம் உஸ்டெகினுமாபையும் அடலிமுமாபையும் ஒப்பிட்டபோது ஒரு வருட முடிவில் இரண்டுமே 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வந்தன என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இதே 23ஐத் தடுக்கும் குசெல்குமாப், மிரிகிஸுமாப் இரண்டும் 2025இல் அமெரிக்காவில் கிரோனுக்கு அனுமதி பெற்றவற்றில் சேர்ந்தன. உங்கள் மருத்துவர் இவற்றைச் சொன்னாலும் ஏறக்குறைய அதே பாதைதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

உபடாசிட்டினிப் வேறு ஜாதி. இது ஊசியல்ல, தினமும் விழுங்கும் மாத்திரை. செல்லுக்குள் போய், ஜேக் என்ற நொதியைத் தடுத்து, ஒரே நேரத்தில் பல வீக்கச் சமிக்ஞைகளை நிறுத்தும். இது புரத மருந்து இல்லை என்பதால் உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கி இதை அழிக்க முடியாது. இரண்டு ஊசிகளையும் ஆன்டிபாடிக்கு இழந்த ஒருவருக்கு இது பெரிய விஷயம். வேகமும் அதிகம், பலருக்கு ஓரிரு வாரத்திலேயே வயிறு அமைதியாவதைப் பார்க்கலாம். உயிரி மருந்து பயன்படாமல் போனவர்களிடம் நடந்த ஆய்வில் 12வது வாரம் எண்டோஸ்கோபியில் முன்னேற்றம் தெரிந்தவர்கள் 34.6 சதவீதம், போலி மாத்திரையில் 3.5. நாளுக்கு 45 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்து, பிறகு 30 அல்லது 15க்கு இறக்குவார்கள்.

ஆனால் இந்த மாத்திரையின் அட்டையில் கடுமையான எச்சரிக்கையும் உண்டு. ரத்தம் உறைதல், மாரடைப்பு, தீவிரத் தொற்று, சில புற்றுநோய்கள் என்று அது பேசுகிறது. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான பெரிய ஆய்வு இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மாத்திரையை, 50 வயது தாண்டிய, இதய நோய் அபாயம் உள்ள மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்து நடந்தது. 31 வயது, புகைப்பதில்லை, காலில் ரத்தம் உறைந்த வரலாறு இல்லை என்றால் கணக்கே வேறு. புகைக்கிறவராக இருந்தால் நான் தயங்குவேன். அக்கி வரும் வாய்ப்பு நிஜமாகவே கூடும், அதற்கான உயிரற்ற தடுப்பூசியை முடிந்தால் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். கொழுப்பு, கல்லீரல், ரத்த அணுக்கள் மூன்றையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கருத்தரிக்கும் திட்டம் இருந்தால் இந்த மருந்து வேண்டாம்.

ரிசாங்கிஸுமாபா உபடாசிட்டினிபா என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட முடிவு கிரோனில் இல்லாததால், தனித்தனி ஆய்வுகளின் சதவீதங்களை எடுத்து ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஓர் ஆய்வில் போலி மருந்துக்கே 21 சதவீதம் அடங்கும், இன்னொன்றில் 12தான் அடங்கும். சேர்ந்த நோயாளிகள் வேறு, அளவுகோல் வேறு. இங்கே ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சொரியாசிஸும் இருக்கிறதா, அல்லது டிஎன்எஃப் ஊசியாலேயே தோலில் சொரியாசிஸ் மாதிரி வந்ததா? அப்படியென்றால் ரிசாங்கிஸுமாப் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்யும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இடுப்பும் முதுகும் விறைத்துக்கொள்கிறதா? முதுகெலும்பு வாதத்துக்கு இன்டர்லூக்கின் 23ஐத் தடுக்கும் வகை பெரிதாக உதவாது, உபடாசிட்டினிப் உதவும். ஸ்டீராய்டைக் குறைக்கவே முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறாரா? வேகம் தேவை, மாத்திரையின் பக்கம் தராசு சாயும். தினமும் மாத்திரை போட மறக்கிற ஆளா? ஊசிதான் சரி.

இப்போது ஆபரேஷன். உங்கள் கேள்வியில் இதுதான் பயத்தோடு எழுதிய வரி என்று நினைக்கிறேன். ‘தள்ளிப்போட முடியுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். சில பேருக்குத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

எம்ஆர்ஐ படம் ஒன்று இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. சிறுகுடலின் கடைசி ஆறு சென்டிமீட்டர் கயிறு மாதிரி மெலிந்து கிடந்தது. அதற்கு முந்தைய குடல் சைக்கிள் டியூப் போல உப்பியிருந்தது. அந்தப் பையன் ஒன்றரை வருடமாக ஊசி மாற்றி ஊசி போட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்ட அரை மணியில் வயிறு முறுக்கும் என்பதால் சாப்பாட்டையே குறைத்து, இடுப்பு பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தான். அந்தச் சுருக்கம் தழும்பு. வீக்கத்தை மருந்து அடக்கும், தழும்பை எந்த மருந்தும் கரைக்காது. ஆபரேஷன் முடிந்து ஆறாவது நாள், வலியில்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, ‘இதை ஏன் டாக்டர் முன்னாடியே செய்யலை’ என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவனை முதலில் பார்த்த மருத்துவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே எம்ஆர்ஐயில் இந்த மாதிரி சுருக்கம், அதற்கு முன் குடல் உப்புதல், சீழ்க்கட்டி, குடலிலிருந்து குடலுக்கு ஓட்டை, இவை இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தால் அறுவை சிகிச்சை முன்வரிசைக்கு வந்துவிடும். சுருக்கம் 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக, கேமரா எட்டும் இடத்தில் இருந்தால் பலூன் வைத்து விரிப்பது ஒரு நடுவழி.

சுருக்கமே இல்லாவிட்டாலும்கூட, நோய் சிறுகுடல் நுனியில் மட்டும் 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஆபரேஷன் மருந்துக்குச் சமமான தேர்வு. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட 143 பேரில் ஒரு பாதிக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன், மறுபாதிக்கு இன்ஃப்ளிக்ஸிமாப். ஒரு வருடத்தில் இரு பக்கமும் வாழ்க்கைத் தரம் ஏறக்குறைய ஒன்றே. அதே ஆட்களைச் சுமார் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் வந்தார்கள். முதலிலேயே ஆபரேஷன் செய்தவர்களில் யாருக்கும் இரண்டாவது வெட்டு தேவைப்படவில்லை, கால்வாசிப் பேருக்குப் பிறகு டிஎன்எஃப் மருந்து தேவைப்பட்டது. அவர்கள் உயிரி மருந்தே போடாதவர்கள் என்பதால் அப்படியே தம்பிக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும் இரண்டு ஊசி தோற்ற ஒருவருக்கு இந்தக் கணக்கு இன்னும் ஆபரேஷன் பக்கம்தான் சாயும் என்பது என் கருத்து.

ஆபரேஷன் நோயைக் குணமாக்காது. வெட்டி இணைத்த இடத்திலேயே திரும்ப வரும் நோய் இது. அதனால் ஆறு மாதத்தில் ஒரு கொலோனோஸ்கோபி கட்டாயம், அபாயம் அதிகமுள்ளவருக்கு உடனே தடுப்பு மருந்து. தம்பி புகைப்பவர் என்றால், நான் சொல்லும் எந்த மருந்தையும்விடப் புகையை நிறுத்துவது அவருக்கு அதிகம் செய்யும். பி12 வைட்டமினும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு 20 மி.கி.க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது, எடை குறைந்திருக்கும்போது வெட்டினால் தையல் விடும் அபாயம் கூடும். அவசரமில்லையென்றால் சில வாரம் முழுத் திரவ ஊட்டச்சத்தில் வைத்து, உடம்பைத் தேற்றி, ஸ்டீராய்டை இறக்கிவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போவது நல்லது. இந்தத் திரவ உணவை ஆறிலிருந்து எட்டு வாரம் மட்டுமே எடுத்துக்கொண்டால் வீக்கமே அடங்குவதும் உண்டு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

மற்றவற்றை ஒரு வரியில் கடந்துவிடலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் தனியாக இந்தக் கட்டத்தில் போதாது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை 2015இல் வந்த ஆய்வில் இலக்கை எட்டவில்லை, ஒருவர் இறந்தும் போனார். எல்லாம் கைவிட்ட சிலருக்குப் பெரிய மையங்களில் மட்டும் யோசிக்கலாம். பவுத்திரத்தில் செலுத்தும் ஸ்டெம் செல் ஊசி, பின்னால் வந்த பெரிய ஆய்வில் பலன் காட்டாததால் ஐரோப்பிய சந்தையிலிருந்தே 2024இல் விலக்கப்பட்டது. யாராவது அதை விற்க வந்தால் கவனம். இரண்டு உயிரி மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அனுபவமுள்ள கைகளில் மட்டும்.

தம்பியின் எம்ஆர்ஐயில் சுருக்கமோ சீழோ இல்லை, கால்ப்ரொடெக்டின் உயர்ந்திருக்கிறது, அடலிமுமாப் அளவும் போதுமானது என்று வைத்துக்கொண்டால், நான் ரிசாங்கிஸுமாபில் தொடங்குவேன். ஸ்டீராய்டை விடவே முடியவில்லை, அல்லது முதுகு வாதம் கூட இருக்கிறது, புகைப்பதில்லை என்றால் உபடாசிட்டினிப். எதைத் தொடங்கினாலும் காசநோய்க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் சோதனை முடித்த பிறகுதான். தொடங்கி மூன்று மாதத்தில் கால்ப்ரொடெக்டின், ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் எண்டோஸ்கோபி என்று தேதியை இப்போதே குறித்துவிடுங்கள். அந்தத் தேதியில் குடல் ஆறவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இழுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை நிபுணரை இந்த மாதமே பாருங்கள். பார்ப்பது வேறு, படுப்பது வேறு. எந்த வழிக்கும் ஆள் தயாராக இருந்தால் அவசரத்தில் நள்ளிரவு ஆபரேஷன் வராது.

இடையில் வயிறு உப்பி வாந்தியோடு காற்றும் பிரியாமல் நின்றாலோ, குளிர்காய்ச்சலோடு வயிற்றின் ஒரு பக்கம் கட்டியாக வலித்தாலோ, முன்பதிவு தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வலிக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், பாரசிட்டமால் போதும்.